374 சதவீதம் எங்கிருந்து வருகிறது? உலோக இறக்குமதி மீதான ஆன்டி டம்பிங் வரியும் ஈடுசெய் வரியும்

வாசகர் கேள்வி, 2025 ஆகஸ்ட் 4

"சீன அலுமினியம் செக்‌ஷன்களுக்கு அமெரிக்கா 374 சதவீதம் வரி போட்டதாகப் படித்தேன். அப்படியானால் நியாயமான விலையில் கால்வாசிக்கும் கீழே விற்றிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? இவ்வளவு மலிவாக விற்று அடுத்த நாட்டு ஆலையை மூட வைப்பவன் அபராதம் கட்டட்டுமே. இதைப் போய் ஏன் எதிர்க்கிறார்கள்?"

ஆகஸ்ட் 4, இரவு

இது அபராதமே இல்லை. விற்றவன் கட்டுவதும் இல்லை. அந்த 374 எந்த விலையையும் அளந்து வந்த எண்ணும் இல்லை. கடைசியில் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இந்த எண்ணை வைத்துத்தான் எல்லாரும் சண்டை போடுகிறார்கள்.

2011 மே மாதம் சீன அலுமினியம் செக்‌ஷன்கள் மீது அமெரிக்கா இரண்டு ஆணைகள் போட்டது. ஒன்று ஆன்டி டம்பிங் வரி, அதாவது சொந்தச் சந்தையைவிட மலிவாக வெளிநாட்டில் விற்பதற்கு எதிரான வரி, அது 33 சதவீதத்தை ஒட்டி இருந்தது. இன்னொன்று ஈடுசெய் வரி, அரசு கொடுத்த மானியத்தை ஈடுகட்டும் வரி. 374.15 என்பது இந்த இரண்டாவது ஆணையில் வருகிறது. விசாரணைக்கு அமெரிக்க வணிகத் துறை தேர்ந்தெடுத்த பெரிய நிறுவனங்கள் கேள்வித்தாளுக்குப் பதிலே எழுதவில்லை. பதில் வராவிட்டால் கையில் இருக்கும் தகவலை வைத்து, அதுவும் பாதகமான பக்கமாகவே எடுத்துக்கொண்டு கணக்குப் போடலாம் என்று அந்நாட்டுச் சட்டம் சொல்கிறது. அப்படியே செய்தார்கள். வரி கேட்டு அமெரிக்கத் தொழில்துறை போட்ட மனுவில் குற்றம் சாட்டப்பட்ட மானியத் திட்டங்களை வரிசையாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் உயர்ந்த விகிதத்தை வைத்துக் கூட்டினார்கள். கூட்டல்தான் 374.

அதே விசாரணையில் தாமாக முன்வந்து பதில் எழுதிய இரண்டு குழுமங்களுக்குக் கிடைத்தது 10 சதவீதத்துக்கும் கீழே. அதே நாடு, அதே பொருள், அதே ஆண்டு. ஒரு பக்கம் 10-க்குக் கீழே, மறு பக்கம் 374. நடுவில் இருப்பது ஒரு கேள்வித்தாள்.

ஆகஸ்ட் 5, காலை

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு "அப்படியானால் எல்லாமே பொய்க் கணக்கா?" என்று ஒருவர் கேட்கிறார். இல்லை. பதில் எழுதினால் கணக்கு உண்மையாகவே போடப்படும், அதுவும் மிக நுணுக்கமாக. நான் வெல்டட் குழாய் தயாரிக்கும் ஓர் ஏற்றுமதி ஆலையின் அடக்கவிலைப் பிரிவில் இருந்தவன். அப்புறம் இறக்குமதிப் பக்கம் ஆவண வேலைக்கு வந்தேன். அதனால் இரண்டு பக்க மேசையும் தெரியும்.

முதலில், டம்பிங் என்றால் நஷ்டத்துக்கு விற்பது என்று பலரும் நினைக்கிறார்கள். சட்டப்படி அது தேவையில்லை. உன் சொந்தச் சந்தையில் ஒரு விலைக்கு விற்று, அதே பொருளை வெளிநாட்டுக்கு அதைவிடக் குறைத்து விற்றால் டம்பிங். இரண்டிலும் லாபம் வந்திருந்தாலும் டம்பிங்தான். உள்நாட்டில் 100, ஏற்றுமதியில் 90, அடக்கம் 70 என்றால் எல்லா டன்னிலும் லாபம், இருந்தும் டம்பிங் மார்ஜின், அதாவது இரண்டு விலைக்கும் உள்ள வித்தியாசத்தின் விகிதம், 11 சதவீதம். ஏற்றுமதி விலையை வைத்துத்தான் வகுப்பார்கள், அதனால் 10 இல்லை, 11.

அடக்கவிலை வேறொரு வழியில் உள்ளே வருகிறது. உள்நாட்டு விற்பனையில் 20 சதவீதமோ அதற்கு மேலோ அடக்கத்துக்குக் கீழே நீண்ட காலம் விற்கப்பட்டிருந்தால், அந்த விற்பனைகளை ஒதுக்கிவிட்டு மிச்சத்தை மட்டும் ஒப்பிடலாம். குறைந்த விலைகள் போய்விட்டால் மீதி சராசரி உயரும், மார்ஜினும் உயரும். உள்நாட்டு விற்பனை மிகச் சொற்பம் என்றால், அதாவது அந்த நாட்டுக்குப் போகும் ஏற்றுமதியில் 5 சதவீதம்கூட வராவிட்டால், மூன்றாம் நாட்டு விலைக்கோ அடக்கம் கூட்டல் லாபம் என்ற கட்டமைத்த விலைக்கோ போவார்கள்.

இந்தச் சட்டத்துக்கு உலோகம்தான் தாய்வீடு. உலகின் முதல் ஆன்டி டம்பிங் சட்டம் 1904-இல் கனடாவில் வந்தது. அப்போது கண்ணை உறுத்தியது அமெரிக்காவிலிருந்து மலிவாக வந்த எஃகுத் தண்டவாளம். இன்று எல்லார் மீதும் வரி போடும் நாட்டின் மீதுதான் முதல் குற்றச்சாட்டு. இப்போது நாடுகள் பின்பற்றும் விதிகளின் வேர் 1947-ஆம் ஆண்டு காட் எனப்படும் பன்னாட்டு வர்த்தக ஒப்பந்தத்தின் 6-ஆம் பிரிவு. அதன் விரிவான வடிவம் 1995 முதல் உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தங்களில் இருக்கிறது.

ஆகஸ்ட் 5, மாலை

எடைக் கதையைச் சொல்லாமல் மார்ஜினைப் புரியவைக்க முடியாது.

குழாய், பார், சேனல் எல்லாம் இரண்டு விதமாக விற்கப்படுகின்றன. ஒன்று தராசு எடை. இன்னொன்று கணக்கு எடை: விட்டம், சுவர்த் தடிமன், நீளம் மூன்றையும் சூத்திரத்தில் போட்டு வரும் எடை. தரநிர்ணயம் தடிமனில் கொஞ்சம் கூடுதல் குறைச்சலை அனுமதிக்கிறது. ஆலைகள் பெரும்பாலும் அந்த வரம்பின் கீழ்ப்பக்கமாகவே ஓட்டும், உலோகம் மிச்சம். ஆகவே காகிதத்தில் 1,000 கிலோ என்று விற்ற குழாய்க் கட்டு தராசில் 970 கிலோ நிற்கலாம்.

எங்கள் உள்நாட்டு விற்பனை கணக்கு எடையில். ஏற்றுமதி தராசு எடையில். இரண்டிலும் டன்னுக்கு 100 என்று ஒரே விலை வைத்திருந்தோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விற்பனைப் பிரிவு சத்தியம் செய்து சொல்லும், நாம் டம்பிங் செய்யவே இல்லை என்று. ஆனால் உள்நாட்டு 100-ஐத் தராசு எடைக்கு மாற்றினால் 100 வகுத்தல் 0.97, கிட்டத்தட்ட 103.1. ஏற்றுமதி 100. மார்ஜின் 3.1 சதவீதம். உலக வர்த்தக அமைப்பின் விதிப்படி மார்ஜின் 2 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் விசாரணையை முடித்துவிட வேண்டும். நாங்கள் அந்தக் கோட்டைத் தாண்டி நின்றோம், யாரும் விலையைக் குறைக்காமலேயே.

இதற்குப் பரிகாரம் உண்டு. ஒவ்வொரு அளவுக்கும் தராசு எடைக்கும் கணக்கு எடைக்கும் உள்ள விகிதத்தை ஆவணத்தோடு காட்டினால் சரியான விகிதத்தை ஏற்பார்கள். ஆனால் எங்கள் எடைமேடைச் சீட்டுகளில் லாரியின் மொத்த எடை மட்டும்தான் இருந்தது. ஒரே லாரியில் மூன்று நான்கு அளவுகள் ஏறியிருக்கும். எந்தக் கட்டு எவ்வளவு என்று யாரும் எழுதி வைக்கவில்லை, வைக்க வேண்டிய அவசியம் அதுவரை யாருக்கும் வந்ததில்லை. சரிபார்க்க வந்த அதிகாரி ஒரு சீட்டைக் கையில் எடுத்தார், பின்பக்கம் திருப்பிப் பார்த்தார், "இதில் அளவு வாரியாகப் பிரிப்பு எங்கே?" என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். அந்த ஒரு கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை.

ஆகஸ்ட் 6

ஆலை வாசல் விலை பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒப்பீடு நடப்பது ஆலை வாசலில். ஏற்றுமதி விலையிலிருந்து கப்பல் வாடகை, காப்பீடு, துறைமுகச் செலவு, உள்நாட்டு லாரி வாடகை, கடன் நாட்களின் வட்டி எல்லாம் கழியும். உள்நாட்டு விலையிலிருந்தும் அதேபோல லாரி, தள்ளுபடி, கமிஷன், வட்டி கழிய வேண்டும். ஏற்றுமதிப் பக்கத்துக் கழிவுகளுக்கு ஆவணம் எப்போதும் பக்காவாக இருக்கும், கப்பல் கம்பெனி பில் இல்லாமல் எதுவும் நகராது. உள்நாட்டுப் பக்கத்தில்தான் ஓட்டை. ஆண்டு முடிவில் மொத்த வியாபாரிக்குக் கொடுக்கும் அளவுத் தள்ளுபடி ஒரே கிரெடிட் நோட்டாகப் போகும். அது எந்த இன்வாய்சுக்கு, எந்த அளவுக் குழாய்க்கு என்று கேட்டால் பதில் கிடையாது. பதில் இல்லாத கழிவைக் கழிக்க மாட்டார்கள். உள்நாட்டு விலை காகிதத்தில் உயர்ந்தே நிற்கும், மார்ஜினும் கூடவே நிற்கும்.

பெரிய ஆலையில் இதற்கென்று தனி ஆட்களும் வெளிநாட்டு வக்கீலும் இருப்பார்கள். சின்ன ஆலையில் ஆண்டுக் கணக்கு முடிக்கிற அதே ஆள்தான் இதையும் எழுத வேண்டும். பதில் எழுத விதிப்படி குறைந்தது 30 நாள், காரணம் சொன்னால் நீட்டிப்பு. விற்பனை, அடக்கம், எடை, பணம் வந்த தேதி என்று பரிவர்த்தனை வாரியாக ஒரு முழு ஆண்டின் தகவல் கேட்பார்கள். எனக்கு இந்த விஷயத்தில் உள்ள ஆழமான வருத்தம் இதுதான்: நேர்மையாக விற்ற சின்ன ஆலை, கணக்குப் புத்தகம் சரியில்லை என்ற ஒரே காரணத்துக்காக, வேண்டுமென்றே விலையை அறுத்தவனோடு ஒரே வரிசையில் நிற்கிறது.

ஆகஸ்ட் 6, இரவு

யார் கட்டுகிறார்கள் என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. இறக்குமதியாளர். சுங்கத்தில் பொருளை எடுக்கும்போது அவர்தான் கட்ட வேண்டும். அமெரிக்காவில் ஏற்றுமதியாளர் அந்த வரியை இறக்குமதியாளருக்குத் திருப்பிக் கொடுக்கவும் கூடாது. கொடுத்தால் அந்தத் தொகையையும் ஏற்றுமதி விலையிலிருந்து கழித்து, மார்ஜினை இன்னும் ஏற்றிவிடுவார்கள். அதற்காகவே இறக்குமதியாளரிடம் உறுதிமொழி எழுதி வாங்குகிறார்கள்.

இன்னொரு கொடுமை, அமெரிக்க முறையில் பொருளை எடுக்கும்போது கட்டுவது முன்பணம் மட்டுமே. உண்மையான வரி பின்னால் ஆண்டு மறுஆய்வில் முடிவாகும். அதற்குள் பொருள் விற்று, அதை வைத்துக் கட்டிய கட்டடத்தில் ஆட்கள் குடியேறியிருப்பார்கள். மறுஆய்வில் விகிதம் ஏறினால் வித்தியாசம், அதற்கு வட்டி, எல்லாம் இறக்குமதியாளர் தலையில். ஐரோப்பிய ஒன்றியத்தில் அப்படியில்லை, ஆணையில் உள்ள விகிதம் கட்டினால் பொதுவாக அந்தச் சரக்குக்குக் கணக்கு முடிந்தது. எனக்கு ஐரோப்பிய முறைதான் மனிதத்தன்மையுள்ளதாகப் படுகிறது. வியாபாரிக்குத் தன் அடக்கம் என்ன என்பது விற்கும்போதே தெரிய வேண்டும்.

வசூலான பணம் அரசு கஜானாவுக்குப் போகிறது. 2000-இல் அமெரிக்கா ஒரு திருத்தம் கொண்டுவந்து, அந்தப் பணத்தை மனுப் போட்ட ஆலைகளுக்கே பிரித்துக் கொடுத்தது. செனட்டர் ராபர்ட் பைர்டின் பெயரால் பைர்ட் திருத்தம் என்பார்கள். மனுவை ஆதரித்தால் பணம் என்றாகிவிட்டது. உலக வர்த்தக அமைப்பு 2003-இல் அதைத் தவறு என்றது, 2006-இல் நீக்கினார்கள்.

ஆகஸ்ட் 8

"கணக்கு நுணுக்கமாக இருந்தால் நியாயமாகவும் இருக்குமே" என்று எழுதியிருக்கிறீர்கள். ஜீரோயிங் என்ற ஒன்றைப் பாருங்கள்.

ஓர் ஆலை இரண்டு வகைக் குழாய் அனுப்புகிறது. முதல் வகை: உள்நாட்டில் 100, ஏற்றுமதியில் 80. இரண்டாவது வகை: உள்நாட்டில் 100, ஏற்றுமதியில் 120. சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் பூஜ்யம். ஆனால் ஜீரோயிங் முறையில், அதிகமாக விற்ற 20-ஐக் கழித்துக்கொள்ள விடமாட்டார்கள், அதைப் பூஜ்யம் என்று வைத்துவிடுவார்கள். குறைவாக விற்ற 20 மட்டும் நிற்கும். மொத்த ஏற்றுமதி 200-இல் 20, மார்ஜின் 10 சதவீதம். இல்லாத டம்பிங் இப்படிப் பிறந்துவிடுகிறது.

இதை முதலில் அடித்து உடைத்தது உலோக வழக்கு அல்ல, படுக்கை விரிப்பு வழக்கு. இந்தியா ஐரோப்பிய ஒன்றியத்துக்கு எதிராகப் போட்டது, 2001-இல் உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டு அமைப்பு இந்தியா பக்கம் தீர்ப்புச் சொன்னது. அப்புறம் அமெரிக்கா இதே முறைக்காகத் திரும்பத் திரும்பத் தோற்றது, அதில் எஃகு வழக்குகள் பல. அந்த மேல்முறையீட்டு அமைப்பே 2019 டிசம்பரிலிருந்து உறுப்பினர் நியமனம் தடுக்கப்பட்டு முடங்கிக் கிடக்கிறது. இப்போது தோற்ற நாடு மேல்முறையீடு செய்தால் வழக்கு அந்தரத்தில் தொங்கும். நுணுக்கமான கணக்கைத் தட்டிக் கேட்க ஓர் இடம் வேண்டும், அந்த இடம் இப்போது காலியாக இருக்கிறது. இது சின்ன இழப்பு இல்லை.

ஆகஸ்ட் 11

இதுவரை மார்ஜினைப் பற்றியே எழுதிவிட்டேன். வழக்கு இரண்டு கால்களில் நிற்கிறது, இரண்டாவது கால் பாதிப்பு. டம்பிங் நிரூபிக்கப்பட்டால் மட்டும் போதாது. உள்நாட்டுத் தொழிலுக்குக் கணிசமான பாதிப்பு இருக்க வேண்டும், அந்தப் பாதிப்பு இந்த இறக்குமதியால்தான் வந்தது என்பதும் தெரிய வேண்டும். ஆலை நஷ்டத்துக்குப் பழைய இயந்திரம் காரணமா, தேவை குறைந்தது காரணமா, வேறு நாட்டு இறக்குமதி காரணமா என்று பிரித்துப் பார்த்து, அவற்றின் பழியை இந்தச் சரக்கின் மீது போடாமல் இருக்க வேண்டும்.

இது வெறும் சடங்கு என்று நினைப்பவர்களுக்கு 2024-இல் அதே அலுமினியம் செக்‌ஷனில் நடந்ததைச் சொல்கிறேன். பத்துக்கும் மேற்பட்ட நாடுகள் மீது அமெரிக்க ஆலைகளும் தொழிற்சங்கமும் மனுப் போட்டன. இந்தியா, வியட்நாம், மெக்சிகோ, துருக்கி, இத்தாலி எல்லாம் பட்டியலில். வணிகத் துறை டம்பிங் உண்டு என்று விகிதங்களை அறிவித்தது. ஆனால் பாதிப்பைப் பார்க்கும் அமெரிக்காவின் பன்னாட்டு வர்த்தக ஆணையம் 2024 அக்டோபர் 30 அன்று பாதிப்பு இல்லை என்று வாக்களித்தது. வரி கிடையாது, வழக்கு முடிந்தது. மார்ஜின் விகிதங்கள் செய்தியில் வந்தபோது ஆர்டரை ரத்து செய்தவர்கள் எத்தனை பேர் என்று நினைத்துப் பார்க்கிறேன். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் முதல் கால் முடிந்ததும் ஓடிவிடக் கூடாது, இரண்டாவது காலுக்கும் ஆள் அனுப்பி வாதாட வேண்டும்.

மனுப் போடவும் தகுதி உண்டு. கருத்துச் சொன்ன உற்பத்தியாளர்களின் மொத்த உற்பத்தியில் பாதிக்கு மேல் ஆதரவுப் பக்கம் இருக்க வேண்டும், ஆதரிப்பவர்களின் உற்பத்தி மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 25 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. ஒரு நாட்டிலிருந்து வரும் சரக்கு மொத்த இறக்குமதியில் 3 சதவீதத்துக்குக் குறைவு என்றால் அந்த நாட்டைப் பொதுவாக விட்டுவிட வேண்டும். அப்படிப்பட்ட சின்ன நாடுகள் சேர்ந்து 7 சதவீதத்தைத் தாண்டினால் மட்டும் விடத் தேவையில்லை.

ஆகஸ்ட் 12

மேலே எழுதியதில் ஒருவர் குரல் வரவே இல்லை: காயிலை, அதாவது சுருட்டி வரும் உலோகத் தகட்டை, வாங்கிப் பொருள் செய்கிறவர். கம்பி வாங்கி ஆணி அடிப்பவர், ஸ்டெயின்லெஸ் ஷீட் வாங்கிப் பாத்திரம் செய்பவர். பாதிப்பு என்று சட்டம் கேட்பது அந்தப் பொருளைத் தயாரிக்கும் ஆலையின் பாதிப்பை மட்டும். அதை வாங்கி வேலை செய்பவர்கள் எத்தனை பேர் என்பது உலக வர்த்தக அமைப்பின் விதியில் கட்டாயக் கேள்வி இல்லை.

சில நாடுகள் தாமாகக் கேட்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் ஒன்றியத்தின் நலன் என்று தனியே பரிசோதிக்கிறது. கனடாவில் பொதுநல விசாரணைக்கு வழி இருக்கிறது. இந்தியாவில் இவற்றை விசாரிக்கும் அரசு அமைப்பான டிஜிடிஆர் பரிந்துரைத்தாலும் வரியை நிதி அமைச்சகம்தான் போடுகிறது, போடாமலும் விடலாம். அப்புறம், குறைந்த வரி விதி ஒன்று உண்டு: மார்ஜின் 40 என்றாலும் பாதிப்பை நீக்க 15 போதும் என்றால் 15 மட்டும் போடுவது. இந்தியாவில் அது நடைமுறையில் இருக்கிறது. அமெரிக்காவில் பொதுநலப் பரிசோதனை, குறைந்த வரி விதி இரண்டுமே இல்லை, மார்ஜின் எவ்வளவோ வரி அவ்வளவு.

இந்தியாவில் நடந்த ஒன்று இதற்கு நல்ல உதாரணம். 2017 செப்டம்பரில் சீன ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தட்டைப் பொருள்கள் மீது 18.95 சதவீத ஈடுசெய் வரி போடப்பட்டது. உலோக விலை உயர்ந்தபோது 2021 பட்ஜெட்டில் அதை நிறுத்தி வைத்தார்கள். 2022 பட்ஜெட்டில் பொதுநலன் கருதி நீக்கிவிட்டார்கள். ஸ்டெயின்லெஸ் ஆலைகள் கொதித்தன, வாங்கிப் பயன்படுத்தும் சிறு தொழில்கள் மூச்சுவிட்டன. யார் சரி என்று எனக்கு ஒரே வரியில் சொல்ல வராது. இரண்டு பக்கத்தையும் கேட்டுவிட்டு முடிவெடுக்க ஓர் ஏற்பாடு இருந்தது என்பதே எனக்கு முக்கியம். எல்லா நாட்டிலும் அது சட்டமாக வேண்டும்.

ஆகஸ்ட் 15

ஈடுசெய் வரி எப்படி வேறுபடுகிறது என்று கேட்டிருந்தீர்கள். ஆன்டி டம்பிங்கில் விசாரிக்கப்படுவது நிறுவனத்தின் விலை. இதில் விசாரிக்கப்படுவது அரசின் கொடை. அரசோ அரசு அமைப்போ பணமாக, கடனாக, மலிவு நிலமாக, மலிவு மூலப்பொருளாக ஏதோ கொடுத்திருக்க வேண்டும். அதனால் நிறுவனத்துக்கு ஆதாயம் இருக்க வேண்டும். அது எல்லாருக்கும் பொதுவானதாக இல்லாமல் குறிப்பிட்ட தொழிலுக்கோ நிறுவனத்துக்கோ வட்டாரத்துக்கோ என்று இருக்க வேண்டும். ஏற்றுமதி செய்தால்தான் கிடைக்கும் என்றால் தானாகவே அந்தக் கூடைக்குள் விழும். கேள்வித்தாள் அரசுக்கும் போகும். அரசு பதில் சொல்லாவிட்டால் அதன் விளைவு நிறுவனத்தின் மீது இறங்கும், இதில் நிறுவனத்தின் கையில் எதுவும் இல்லை.

மலிவு மூலப்பொருள்தான் உலோகத்தில் பெரிய சண்டை. அரசுக்குச் சொந்தமான சுரங்கம் இரும்புத் தாதை விற்றால் அது அரசு கொடுத்ததாகுமா? இந்தியாவின் ஹாட் ரோல்டு (சூட்டில் உருட்டிய) எஃகு வழக்கில் அரசுச் சுரங்க நிறுவனமான என்எம்டிசியின் தாதுவை அமெரிக்கா அப்படித்தான் பார்த்தது. அரசு பெரும்பான்மைப் பங்கு வைத்திருப்பது மட்டும் போதாது, அந்த நிறுவனம் அரசின் அதிகாரத்தைச் செலுத்துகிறதா என்று பார்க்க வேண்டும் என்று 2014 டிசம்பரில் மேல்முறையீட்டு அமைப்பு சொன்னது. 2022 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் ஒரு படி மேலே போனது. இந்தோனேசிய ஸ்டெயின்லெஸ் மீது ஈடுசெய் வரி போட்டபோது, சீன அரசுப் பணத்தையும் இந்தோனேசிய அரசின் கொடையாகவே கணக்கில் சேர்த்தது. ஒரு நாடு கொடுத்த பணத்துக்கு இன்னொரு நாட்டை மானியதாரராகக் காட்டுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. ஆனால் சீன முதலீட்டில் வெளியே எழும்பும் ஆலைகளை வேறு எப்படிக் கணக்கில் பிடிப்பது என்று ஐரோப்பிய ஆலைக்காரர் கேட்டால், அந்தக் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது.

இரண்டு வரியும் ஒரே பொருள் மீது வரலாம். ஆனால் ஏற்றுமதி மானியத்தால் விலை இறங்கியதற்கு இரண்டிலும் தனித்தனியே வசூலிக்கக் கூடாது, காட் 6-ஆம் பிரிவே அதைத் தடுக்கிறது.

ஆகஸ்ட் 19

374-க்குத் திரும்ப வருகிறேன், அதன் பின்கதை அப்படிப்பட்டது. கேள்வித்தாளுக்குப் பதில் எழுதாத நிறுவனங்களில் ஒன்று சோங்வாங் குழுமத்தைச் சேர்ந்தது, அப்போது ஆசியாவிலேயே பெரிய செக்‌ஷன் உற்பத்தியாளர்களில் ஒன்று. ஆணை வந்த பிறகு கலிபோர்னியாவுக்கு அலுமினியத் தட்டுப்பலகைகள், அதாவது பேலட்கள், கப்பல் கப்பலாக வந்திறங்கின. வேலை முடிந்த பொருள் என்பதால் ஆணைக்குள் வராது என்று காட்டினார்கள். நீதிமன்றத்தில் தெரிந்தது: அவை செக்‌ஷன்களைப் புள்ளிப் பற்றவைப்பில் ஒட்டிச் செய்தவை, வாங்க ஆளே இல்லை, கிடங்குகளில் குவிந்து கிடந்தன. 2021 ஆகஸ்டில் பெர்ஃபெக்டஸ் அலுமினியம் என்ற இறக்குமதி நிறுவனத்தையும் கிடங்கு நிறுவனங்களையும் ஜூரி குற்றவாளி என்றது. ஏய்த்த வரி சுமார் 180 கோடி டாலர்.

இந்த வழக்குகளில் பொருளை வகைப்படுத்தும் சுங்க எண் வெறும் வசதிக்காக, ஆணையில் எழுத்தில் உள்ள விவரிப்புத்தான் செல்லும். எண்ணை மாற்றிவிட்டால் தப்பித்தோம் என்று நினைக்கும் இறக்குமதியாளர்களை இன்றும் பார்க்கிறேன். தயவுசெய்து விவரிப்பைப் படியுங்கள்.

நாட்டை மாற்றினாலும் இதே கதை. சீன ஹாட் ரோல்டு காயிலை வியட்நாமில் கோல்டு ரோல் செய்து (சூடாக்காமல் உருட்டி), துத்தநாகம் பூசி அனுப்பியபோது, 2018 மே மாதம் அமெரிக்கா அதைச் சீனப் பொருளாகவே பார்த்தது. கோல்டு ரோல்டு வகைக்கு இரண்டு வரியும் சேர்ந்து 400 சதவீதத்துக்கு மேல் போனது. அதனால்தான் இப்போது எல்லாரும் உருக்கி ஊற்றிய நாடு எது என்று கேட்கிறார்கள். ஆலை தரும் தரச் சான்றான மில் சர்டிபிகேட்டை எடுத்தால் ஹீட் நம்பர் என்று ஒரு கட்டம் இருக்கும், அதன் பக்கத்தில் கார்பன், மாங்கனீஸ், கந்தகம், பாஸ்பரஸ் அளவுகள். அந்த ஹீட் நம்பர் எந்த உலையில் உருகியது என்பதன் அடையாளம். காயிலின் உள்பக்கம் பெயின்டில் எழுதிய எண்ணோடும் பேக்கிங் லிஸ்டோடும் அது ஒத்துப்போக வேண்டும். ஒருமுறை எங்களிடம் வந்த சர்டிபிகேட்டில் ஹீட் நம்பர் மட்டும் வேறு எழுத்துருவில் இருந்தது. அனுப்பிய தரகரிடம் மூல ஆலையின் சர்டிபிகேட் கேட்டோம், வரவில்லை, சரக்கை எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 20

"232-ஐயும் இதோடு சேர்த்துக்கொள்ளலாமா?" கூடாது, அது வேறு இனம். 232 என்ற சட்டப் பிரிவின் கீழ் அமெரிக்கா 2018 மார்ச்சில் தேசியப் பாதுகாப்பு என்று சொல்லி எஃகுக்கு 25, அலுமினியத்துக்கு 10 சதவீதம் போட்டது. 2025 ஜூனில் அதைப் பெரும்பாலான நாடுகளுக்கு 50 ஆக்கிவிட்டது. யார் என்ன விலைக்கு விற்றார் என்ற கேள்வியே அதில் இல்லை. இந்தியா 2025 ஏப்ரலில் சில தட்டை எஃகுப் பொருள்களுக்கு 200 நாளுக்குப் போட்ட 12 சதவீதம் பாதுகாப்புக் காப்பு வரி. இறக்குமதி திடீரென்று பெருகினால் போடுவது, விற்றவர் மீது நேர்மையின்மைக் குற்றச்சாட்டு இல்லை. இவை ஆன்டி டம்பிங்குக்கு மேலேயே வந்து உட்காரலாம்.

ஆகஸ்ட் 23

வரி ஆணை ஐந்து ஆண்டில் தானாகக் காலாவதியாகிவிடுமே என்று ஒரு நம்பிக்கை. விதி அப்படித்தான். ஆனால் மறுஆய்வில், எடுத்தால் டம்பிங்கும் பாதிப்பும் தொடரும் என்று சொன்னால் இன்னும் ஐந்தாண்டு, மறுபடியும் ஐந்தாண்டு. இந்தியா, தாய்லாந்து, துருக்கி நாடுகளின் வெல்டட் குழாய் மீது அமெரிக்கா 1986-இல் போட்ட ஆணைகள் 30 ஆண்டைத் தாண்டியும் நீடித்தன. போட்டபோது வேலைக்குச் சேர்ந்தவர் ஓய்வு பெறும் காலம் அது.

எதிர் உதாரணமும் உண்டு. சீன போல்ட், ஸ்குரூ மீது ஐரோப்பிய ஒன்றியம் 2009-இல் 85 சதவீதம் வரை போட்டது. சரக்கு மலேசியா வழியாகச் சுற்றி வரவே, 2011-இல் அந்த நாட்டு அனுப்புதலுக்கும் நீட்டியது. சீனா வழக்காடி வென்றதால் 2016 பிப்ரவரியில் எடுத்தது. 2022 பிப்ரவரியில் புது விசாரணை முடிந்து 86.5 சதவீதம் வரை மறுபடி போட்டது. வழக்கில் வென்ற சீன ஆலைக்குக் கிடைத்தது ஆறு ஆண்டு.

ஆகஸ்ட் 25

முதல் கேள்வி கேட்டவர் இப்போது, தன் உறவினர் புதிதாக ஏற்றுமதி தொடங்குவதாகவும், அவர் நாட்டுக் குழாய் மீது ஏற்கனவே ஆணை இருப்பதாகவும் எழுதியிருக்கிறார். அவருக்கு என்ன விகிதம்?

முதலில் "மற்ற எல்லாரும்" என்ற விகிதம்தான் விழும். விசாரணைக் காலத்தில் அவர் ஏற்றுமதி செய்யவில்லை, ஆணைக்கு உட்பட்ட நிறுவனங்களோடு உறவும் இல்லை என்று காட்டினால் புதிய ஏற்றுமதியாளர் மறுஆய்வு கேட்கலாம். அது விரைவாக நடக்க வேண்டும் என்பது விதி. அதுவரை வரிக்குப் பதில் இறக்குமதி செய்யும் நாடு உத்தரவாதம் வாங்கிக்கொள்ளலாம். ஒன்றிரண்டு டன்னை அலங்கார விலைக்கு அனுப்பிவிட்டு மறுஆய்வு கேட்டால் உண்மையான விற்பனை இல்லை என்று தள்ளிவிடுவார்கள், அமெரிக்காவில் இதில் கெடுபிடி அதிகம். அதனால் வழக்கமாக விற்கும் அளவில், வழக்கமான விலையில், பணம் வங்கி வழியாக வந்த ரசீதோடு அனுப்பட்டும்.

அப்புறம், முதல் கன்டெய்னர் கிளம்பும் முன்பே இவற்றைத் தொடங்கச் சொல்லுங்கள்: எடைமேடைச் சீட்டில் அளவு வாரியாகக் கட்டு எடை. உள்நாட்டு கிரெடிட் நோட்டில் இன்வாய்ஸ் எண். ஒவ்வொரு உள்நாட்டு லாரி வாடகை ரசீதிலும் எந்த டெலிவரிக்கு என்ற குறிப்பு. வாங்கும் காயிலின் மில் சர்டிபிகேட், ஹீட் நம்பரோடு, குழாயின் உற்பத்திப் பதிவேட்டுடன் இணைத்து. கேள்வித்தாள் வரும் நாளில் இவற்றை உருவாக்க முடியாது, எடுத்துக் கொடுக்க மட்டும்தான் முடியும்.